பதினோரு இறக்கங்கள்

இருபத்து மூன்று ஆண்டுப் பணியில் அவருக்கு ஐந்து பதவிப் பெயர்கள் வாய்த்தன. முதல் நான்கும் அந்த ஆண்டுகளை ஏறக்குறையத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டன. ஐந்தாவது பதினாறே நாள் நிலைத்தது. அந்தப் பதினாறு நாளின் கதைதான் இது. முந்தைய நான்கையும் சொல்லாவிட்டால் ஐந்தாவதன் கனம் விளங்காது என்பதால், அங்கிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

விமானப்படைத் தளத்தில் எல்லாரும் அவரை ‘ஸ்கேல்’ என்றே அழைத்தார்கள். பணிப்பதிவேட்டில் ஒருவர் தம் முறையை முடித்து அடுத்தவரிடம் ஒப்படைக்கும்போது, கடைசி வரிக்குக் கீழே ஒரு கோடு இழுக்க வேண்டும். மற்றவர்கள் எழுந்துகொண்டே ஒரு கிறுக்குக் கிறுக்கிவிட்டுப் போவார்கள். இவரோ சட்டைப் பையிலிருந்து ஆறங்குல அடிக்கோலை எடுத்து, தாளின் இரு ஓரங்களிலும் இடைவெளி சரிபார்த்து, கோடு போட்டு, மையை ஊதிவிட்டுத்தான் நாற்காலியை விடுவார்.

“விமானம் மேல சுத்திக்கிட்டு நிக்குதுப்பா. கோட்டை அப்புறம் போடக் கூடாதா?” என்று காத்து நிற்பவர் கேட்பார்.

“அது கோணலா வந்தாலும் நேராக்கிடலாம். இது கோணலாயிட்டா அப்படியே நின்னுடும்” என்பார் அவர்.

பத்தொன்பது வயதில் அவர் சேர்ந்தபோது பெயர் ‘விளக்குச் சைகையாளர்’. ஓடுபாதையின் கோடியில் ஒரு சிறு தகரக் குடிலில் உட்கார்ந்து, வானொலி பழுதான விமானங்களுக்குப் பச்சையும் சிவப்புமாக விளக்குக் காட்டுவது வேலை. இரண்டு ஆண்டில் மூன்று முறை காட்டினார். அப்புறம் ஒரு திங்கட்கிழமை, விளக்குச் சைகையாளர் என்ற பிரிவே இனி இல்லை என்று ஆணை வந்தது. எல்லாரும் ‘கோபுர உதவியாளர்’ ஆனார்கள். விளக்கு மட்டும் அதே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆறு ஆண்டு கழித்து அவர் ‘வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர், இரண்டாம் நிலை’. கண்ணாடி போட்ட கோபுரத்தில் நின்று, கண்ணால் பார்த்து விமானங்களை இறங்கச் சொல்லும் வேலை. நான்காவது பெயருக்காக ஓராண்டு பயிற்சிக்குப் போய்வந்தார்: ‘துல்லிய அணுகல் ரேடார் கட்டுப்பாட்டாளர்’. வாயில் நுழையாத இந்தப் பெயரைத் தளத்தில் யாரும் சொன்னதில்லை. ‘இறக்குநர்’ என்றார்கள். அவர் செய்ததும் அதுதான்.

பள்ளிப் படிவத்தில் ‘தந்தையின் தொழில்’ என்ற கட்டத்தை நிரப்புவது அவர் மகளுக்கு ஆண்டுதோறும் ஒரு சோதனை. கட்டம் இரண்டு அங்குலம்; அப்பாவின் பெயரோ நான்கு அங்குலம்.

“ஏங்க, உங்க பேரு நீள நீள வேலை சுருங்கிட்டே வருதே” என்பார் மனைவி. “முன்னாடி ரன்வே முழுக்க நடந்தீங்க. அப்புறம் மாடியில நின்னீங்க. இப்ப இருட்டு ரூம்ல உக்காந்திருக்கீங்க. அடுத்த பேரு வந்தா படுத்துக்கிட்டே பாக்குற வேலையா?”

உண்மையில் அந்த இருட்டு அறை வேலைதான் அவர் செய்தவற்றிலேயே பெரியது. ஓடுபாதைக்கு அருகில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. அதில் இரண்டு திரைகள்: விமானம் பாதையின் நேரிலிருந்து இடமோ வலமோ விலகுகிறதா என்று ஒன்று காட்டும், உயரம் கூடுகிறதா குறைகிறதா என்று மற்றது காட்டும். மூடுபனியிலோ மழையிலோ விமானிக்குத் தரை தெரியாதபோது, இறக்குநர் தம் குரலாலேயே அவரைக் கைப்பிடித்துக் கூட்டிவர வேண்டும். கடைசி இரண்டு மைலில் விமானி பதில் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. இறக்குநர் மட்டும் நிறுத்தாமல் பேசுவார். பேச்சு ஐந்து வினாடி நின்றால் தொடர்பு அறுந்தது என்று பொருள். விமானி இறங்குவதைக் கைவிட்டு மேலே ஏறிப் போய்விட வேண்டும். இப்படி ஒரு விமானத்தை இறக்கி முடிப்பதற்கு ‘ஓர் இறக்கம்’ என்று பெயர். பதிவேட்டில் ஒரு வரி. வரியின் ஓரத்தில் இறக்கியவரின் சுருக்கொப்பம்.

அந்த அறையில் அவருக்கு வாய்த்த கூட்டாளியைத் ‘தாலாட்டு’ என்பார்கள். இருவரும் ஒரே ஆண்டு சேர்ந்தவர்கள். ஒரே குடிலில் விளக்குத் துடைத்தவர்கள். தாலாட்டின் குரல் ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. காற்று எப்படி உதைத்தாலும், “கொஞ்சம் இடது… போதும்… அழகா வர்றீங்க… அப்படியே” என்று ஒரே சீராக ஓடும். அவர் இறக்கினால் சக்கரம் தரையைத் தொட்டதே தெரிவதில்லை என்று விமானிகள் சொல்லிச் சொல்லி அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஸ்கேலின் இறக்கங்களில் பிழை இருக்காது; தாலாட்டின் இறக்கங்களில் பயம் இருக்காது. இந்த வேறுபாடு இருவருக்குமே தெரியும்.

அந்த ஆண்டின் மழைத்தொடக்கத்தில் ஒரு பிற்பகல், ஸ்கேல் ஒரு விமானத்தை இறக்கிக்கொண்டிருந்தார். அரை மைலில் பக்கக்காற்று அதைத் தள்ளியது. அவர் கண்டார், சொல்லவும் சொன்னார், ஆனால் ஒரு மூச்சு தாமதமாகச் சொன்னார். விமானி மேலே ஏறித் தப்பினார். சக்கரத்தில் வேலியோரப் புதரின் இலைகள் சிக்கியிருந்தன. யாருக்கும் காயமில்லை. விசாரணையில் காற்றின் மேல் பழி போயிற்று. இலைகளை மட்டும் யாரோ கொண்டுவந்து பதிவேட்டின் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், விளையாட்டாக.

மறுநாளிலிருந்து அவருக்குத் தொண்டை அடைத்தது. சாதாரணப் பேச்சுக்குக் குறைவில்லை. வீட்டில் பேசினார், தேநீர்க் கூடத்தில் பேசினார். திரையில் புள்ளி இரண்டு மைல் கோட்டைத் தொட்டதும் மட்டும் குரல் வருவதில்லை. முதல் முறை அப்படி ஆனபோது, அடுத்த மேசையிலிருந்த தாலாட்டு நாற்காலியோடு உருண்டு வந்து, இரண்டாவது ஹெட்செட்டைச் செருகிக்கொண்டு, மூன்றாவது வினாடியில் பேசத் தொடங்கினார். விமானம் இறங்கியது. பதிவேட்டில் முறை ஸ்கேலின் பெயரில் இருந்தது; எனவே வரியும் அவர் பெயரில் ஏறியது.

“ஆஸ்பத்திரிக்குப் போறேன்டா” என்றார் ஸ்கேல்.

“போ. போனா மெடிக்கல் போர்டுல நிறுத்துவாங்க. மனசுல கோளாறுன்னு எழுதிட்டா ஆயுசுக்கும் மைக்கைத் தொட முடியாது. ரெண்டு வாரத்துல தானா சரியாயிடும், பேசாம இரு.”

“சரியாகாட்டி?”

“உன் தொண்டை, என் வாய். ஒரு ஆளாத்தானேடா இருக்கோம், கணக்கு எதுக்கு?”

இப்படி ஆறு முறை நடந்தது. அந்த மாதத்தின் ஒன்பது, பன்னிரண்டு, பதினாறு, இருபது, இருபத்து நான்கு, இருபத்தெட்டு ஆகிய தேதிகளில் ஆறு விமானங்கள் தாலாட்டின் குரலில் இறங்கி, ஸ்கேலின் சுருக்கொப்பத்தில் பதிவாயின. இருபத்தொன்பதாம் தேதி ஸ்கேலுக்குக் குரல் திரும்பியது. பயிற்சி விமானம் ஒன்றை இரண்டு மைல் தாண்டி, ஒரு மைல் தாண்டித் தாமே பேசிப் பார்த்தார், வாய் நிற்கவில்லை. தாலாட்டு முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்து, தேநீர் வாங்கிக் கொடுத்தார். அதோடு அந்த விஷயம் முடிந்தது என்றே இருவரும் நினைத்தார்கள்.

முதல் தேதி காலை புதிய ஆணை வந்தது. கோபுரம், ரேடார், பறப்புத் திட்டம் எல்லாம் ஒரே பிரிவாக இணைக்கப்பட்டன. இனி அனைவரும் ‘வான்செயற்பாட்டு வல்லுநர்’. பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் அவரவர் சிறப்புத்துறை வரும். கடந்த தொண்ணூறு நாளில் பன்னிரண்டு இறக்கங்கள் செய்திருப்பவர் ‘துல்லிய இறக்கம்’. அதற்குக் குறைந்தவர் ‘பொது’. அனுபவம், மேலதிகாரியின் பரிந்துரை, பழைய சான்றிதழ் எதுவும் செல்லாது. பதிவேடு மட்டுமே செல்லும். பயிற்சி விமானங்கள் கணக்கில் சேரா. ஆட்சேபம் உள்ளவர்கள் ஒரு மாதத்துக்குள் சான்றோடு வரலாம்.

பத்து மணிக்குப் பட்டியலை ஒட்டினார்கள். அந்த மூன்று மாதத்தில் வானம் பெரும்பாலும் தெளிவாக இருந்ததால் இறக்கங்களே குறைவு. ஸ்கேலுக்குப் பதினான்கு. தாலாட்டுக்கு எட்டு.

ஸ்கேல் அந்த எட்டின் மேலேயே நின்றார். பதினான்கில் ஆறு போனால் எட்டு, எட்டோடு ஆறு சேர்ந்தால் பதினான்கு என்ற கழித்தலும் கூட்டலும் அவர் மனத்தில் தாமாகவே நடந்து முடிந்தன. பக்கத்தில் வந்து நின்ற தாலாட்டு பட்டியலை ஒரு முறை பார்த்தார். ஸ்கேலை ஒரு முறை பார்த்தார்.

“பரவாயில்ல, பேரு சின்னதாத்தான் வந்திருக்கு. ‘பொது’. போர்டு எழுதச் சுலபம்” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்குப் பிறகு ஒரு சிறு இடைவெளி இருந்தது. ஒருவர் பேசுவதற்குப் போதுமான இடைவெளி. ஸ்கேல் பேசவில்லை. தாலாட்டு தோளைத் தட்டிவிட்டு நகர்ந்தார். அன்று பிற்பகலே அவரைப் பறப்புத் திட்ட அறைக்கு மாற்றிவிட்டார்கள். புறப்படும் விமானங்களின் விவரங்களைத் தட்டச்சு செய்து அனுப்பும் வேலை அங்கே; மைக் கிடையாது.

வீட்டில் மகள் புதிய பெயரை மனப்பாடமாக ஒப்பித்தாள். மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

“ஆறு பேரு இருந்த இடத்துல உங்க ஒருத்தருக்குத்தான் கிடைச்சுதாமே? நம்ம தாலாட்டு அண்ணனுக்குக் கூட இல்லையாமே? பாவம். ஆனா சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க, அவரு விளையாட்டுத்தனமா இருப்பாரு. நீங்க ஒவ்வொண்ணையும் கோடு போட்டு எழுதி வைப்பீங்க. அதான் வித்தியாசம்.”

அவர் சாப்பாட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. “ம்” என்றார். அந்த ‘ம்’ பின்னாளில் அவரை மிகவும் படுத்தியது. பட்டியலின் முன் அவர் பேசாமலிருந்தது அதிர்ச்சியால் என்று சொல்லிக்கொள்ள முடியும். இந்த ‘ம்’முக்கு அப்படி ஒரு சாக்கும் இல்லை.

சான்று இல்லாமலில்லை. விமானியோடு பேசும் ஒவ்வொரு சொல்லும் ஒலிநாடாவில் பதிவாகும். டேப்பை முப்பது நாள் வைத்திருந்து, பிறகு அதன் மேலேயே புதிதாகப் பதிவார்கள். கடந்த மாதத்துக்கு முப்பது நாள். ஆகவே ஒன்பதாம் தேதி டேப் இந்த மாதம் ஒன்பதாம் தேதி அழியும், பன்னிரண்டாம் தேதியுடையது பன்னிரண்டில். ஆறு டேப்பில் நான்கு இருந்தால் போதும், எட்டும் நான்கும் பன்னிரண்டு, தாலாட்டு பிழைத்துக்கொள்வார். இவ்வளவையும் அவர் முதல் நாளே சட்டைப் பை நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தார். ஆறு தேதிகள், ஒன்றன்கீழ் ஒன்றாக.

செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: டேப் அறைக்குப் போய், அந்த ஆறையும் எடுத்து வைக்கச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்ன கணமே, பொய்யாக ஒப்பமிட்டதும் தொண்டை அடைத்ததும் வெளியே வரும். மருத்துவக் குழு வரும். பெயர் போகும். நாளை போகலாம் என்று எட்டு நாள் நினைத்தார். ஒன்பதாம் தேதி மாலை நாட்குறிப்பைத் திறந்து, முதல் தேதியின் மேல் அடிக்கோலை வைத்து ஒரு கோடு இழுத்தார். மையை ஊதினார். ஊதிய பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. அவ்வளவு நேரான கோடு.

இன்னும் ஐந்து இருக்கிறது, நான்கு போதும் என்று தமக்கே ஒரு தேறுதல் சொல்லிக்கொண்டார். பன்னிரண்டாம் தேதி டேப் அறைவரை போனார். கதவு திறந்திருந்தது; உள்ளே யாரோ சிரித்துப் பேசும் சத்தம் கேட்டது. பொறுப்பாளர் தனியாக இருக்கும்போது வரலாம் என்று திரும்பிவிட்டார். இரண்டாவது கோடும் விழுந்தது.

பதினைந்தாம் தேதி மாலை மூடுபனி இறங்கியது. நெடுந்தூரம் வந்த ஒரு விமானத்தை அவர் இறக்க வேண்டியிருந்தது. இரண்டு மைல் கோட்டில் தொண்டை ஒரு கணம் தயங்கியது. உடனே, “கொஞ்சம் இடது… போதும்… அழகா வர்றீங்க… அப்படியே” என்று வாய் பேசத் தொடங்கியது. அவர் அப்படிப் பேசுபவர் அல்லர். அளவுகளைச் சொல்லுவார், அவ்வளவுதான். ஆண்டுக்கணக்கில் பக்கத்து மேசையிலிருந்து கேட்ட சொற்கள் அவை. விமானம் பூப்போல அமர்ந்தது.

அரைமணி கழித்து விமானி தொலைபேசியில் அழைத்தார். “தாலாட்டு சாரா? குரலைக் கேட்டதுமே உயிர் வந்துடுச்சு சார். ரொம்ப நன்றி.”

“பரவாயில்ல” என்று சொல்லி அவர் ரிசீவரை வைத்தார்.

இல்லை, நான் அவர் அல்ல என்று சொல்ல இரண்டு வினாடி போதும். அதையும் அவர் சொல்லவில்லை. ஆறு இறக்கங்களை அவர் கேட்டு வாங்கவில்லை. அவை தாமாக வந்தவை. பெயரைக் கூட அவர் கேட்டு வாங்கவில்லை. ஆனால் இந்த நன்றியை அவர் கை நீட்டி வாங்கிக்கொண்டார். காது மடல் சுட்டது. இருட்டு அறையில் யாரும் பார்க்கவில்லை என்பது அந்தச் சூட்டைத் தணிக்கவில்லை.

பதினாறாம் தேதி டேப் அன்று மாலைதான் அழியும் என்பது அவர் கணக்கு. எப்போதும் மாலை ஷிப்டு தொடங்கும்போதுதான் டேப் மாற்றுவார்கள். காலை எட்டு மணிக்கே போய் நின்றார். டேப் அறைப் பொறுப்பாளர் தலைமுடி நரைத்த பெண்மணி. யாரையும் எதுவும் கேட்காமல் முப்பது டேப்புகளை வரிசை மாறாமல் காத்துவந்தவர்.

“அக்கா, நாலு டேப்பை எடுத்து வைக்கணும். பதினாறு, இருபது, இருபத்துநாலு, இருபத்தெட்டு.”

“ஏதாவது விபத்தா?”

“இல்ல. என் மேல ஒரு புகார்.”

“யாரு குடுத்தது?”

“நான்தான்.”

அந்தப் பெண்மணி கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். பிறகு எழுந்து அலமாரிக்குப் போய் மூன்று டேப்புகளோடு வந்தார்.

“பதினாறு போயிடுச்சு சார். காலையில ஆறு மணிக்கு மெஷின்ல ஏத்திட்டேன்.”

“சாயந்திரம்தானே அக்கா மாத்துவீங்க?”

“அது டேப் காப்பாளரா இருந்தப்ப. ஒண்ணாம் தேதி உங்க பேரை மட்டுமா மாத்துனாங்க? என்னையும் ‘ஒலித்தகவல் மேலாளர்’ ஆக்கிட்டாங்க. தகவல் பிரிவுக்கெல்லாம் காலை ஆறு மணி ஷிப்டு.” தயங்கிவிட்டுக் கேட்டார்: “நேத்து வந்திருக்கக் கூடாதா சார்?”

ஸ்கேல் மூன்று டேப்புகளை வாங்கிக் கையெழுத்திட்டார். எட்டும் மூன்றும் பதினொன்று.

பிரிவுத் தலைவர் மூன்று டேப்பையும் கேட்டார். ஒவ்வொன்றிலும் தாலாட்டின் குரல் ஒரே சீராக ஓடியது. அது முடியும்வரை ஸ்கேல் நின்றுகொண்டே இருந்தார்.

“ஆறும் அவர்தான் சார்” என்றார்.

“நம்புறேன். ஆனா உங்க வார்த்தையை எந்தக் கட்டத்துல எழுதுறது? ஃபார்ம்ல அதுக்குக் கட்டம் இல்ல.” தலைவர் பேனாவை எடுத்தார். “உங்களுக்குப் பதினாலு. மூணு போனா பதினொண்ணு. அவருக்கு எட்டு. மூணு வந்தா பதினொண்ணு. ரெண்டு பேருக்குமே பன்னெண்டு இல்ல.”

“மிச்சம் மூணும் அவர் பேசுனதுதான் சார்!”

“டேப் இல்லாத மூணா? அது உங்க கையெழுத்துல இருக்கு. அதை நான் அழிக்க முடியாது, அவருக்குக் கொடுக்கவும் முடியாது. நீங்க செஞ்ச வேலைக்கு நீங்களே வெச்சுக்குங்க.” பேனா ஒரு கணம் நின்றது. “பொய்ப்பதிவுக்கு உங்களுக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை. மருத்துவப் பரிசோதனை. அடுத்தவர் முறையில பேசினதுக்கு அவருக்கும் ஒரு எச்சரிக்கை போகும்.”

“அவர் மேல தப்பில்லையே சார்.”

“டேப்பைக் கொண்டுவந்தது நீங்கதானே?”

இருபத்து மூன்று ஆண்டில் தாலாட்டின் கோப்பில் ஒரு கறை கிடையாது. அந்த முதல் கறையை வைத்தது, அவரைக் காப்பாற்றப் போன கை.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னார். மனைவி, “பதினாறு நாளா என்கிட்டயும் சொல்லலையே. நான் வேற அந்த அண்ணனை விளையாட்டுத்தனம்னு பேசிட்டேன். நீங்க ‘ம்’னு கேட்டுக்கிட்டு இருந்தீங்க” என்றார். அவர் குரலில் கோபத்தைவிடக் கூச்சம்தான் அதிகம் இருந்தது. கணவருக்காகத் தாம் பட்ட கூச்சம். அதைத் தாங்குவதைவிட நாலு வசவு வாங்குவது எளிதாக இருந்திருக்கும். மகள் படிவத்தைக் கொண்டுவந்து, “அப்பா, அடைப்புக்குறியை எடுத்துடட்டுமா?” என்று கேட்டாள். “‘பொது’ன்னு எழுதும்மா. கட்டத்துக்குள்ள அடங்கும்” என்றார்.

அடுத்த திங்கட்கிழமை அவரும் பறப்புத் திட்ட அறைக்கு வந்து சேர்ந்தார். இரண்டு மேசைகள் எதிரெதிரே. நடுவில் ஒரு ஒலிபெருக்கி. இருட்டு அறையில் யார் என்ன பேசினாலும் அதில் கேட்கும். வேறு தளத்திலிருந்து வந்த ஓர் இளம்பெண் இப்போது அங்கே இறக்குநர். தாலாட்டு நிமிர்ந்து பார்த்து, காலால் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டார். எச்சரிக்கைக் கடிதம் அவர் மேசைக் கண்ணாடிக்குக் கீழே, எல்லாருக்கும் தெரியும்படி வைக்கப்பட்டிருந்தது.

“அதை ஏண்டா அங்க வெச்சிருக்க?”

“இருபத்து மூணு வருஷத்துல எனக்கு வந்த ஒரே லெட்டர். ஒளிச்சா வைக்க முடியும்?”

ஸ்கேலுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. புதுப் பதிவேட்டை இழுத்து, அடிக்கோலை எடுத்து, ஓரக்கோடு போடத் தொடங்கினார். ஒரு பக்கம் முடிந்தது. இரண்டாவது பக்கம் முடிந்தது. ஒலிபெருக்கியில் அந்தப் பெண் ஒரு விமானத்தை இறக்கிக்கொண்டிருந்தாள். நடுவில் அவள் குரல் நின்றது. இருவர் தலைகளும் ஒருசேர நிமிர்ந்தன. தாலாட்டின் உதடுகள் அசைந்தன: ஒன்று, இரண்டு, மூன்று. குரல் மீண்டும் வந்தது.

“அஞ்சு செகண்டு சத்தம் வரலேன்னா விமானி என்னடா பண்ணணும்?” என்று கேட்டார் தாலாட்டு, தட்டச்சிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“விட்டுட்டு மேல ஏறிப் போயிடணும்.”

“நான் போகலடா. பதினாறு நாளு கேட்டுக்கிட்டே இருந்தேன்.” அவர் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. “ஒன்பதாம் தேதி போச்சு. பன்னெண்டாம் தேதி போச்சு. நானும் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். நானே போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னா உன்னை மெடிக்கல் போர்டுல நிறுத்துவாங்க. உன் வாயால வரணும்னு இருந்தேன்.”

ஸ்கேல் மூன்றாவது பக்கத்தில் அடிக்கோலை வைத்தார்.

“அந்தக் கட்டையை வெச்சுட்டுப் பேசுடா.”

அடிக்கோல் மேசைமேல் கிடந்தது. அவருக்குத் தொண்டை அடைத்தது. இந்த முறை திரையும் இல்லை, இரண்டு மைல் கோடும் இல்லை. அடைப்பை விழுங்கிக்கொண்டு தொடங்கினார்.

“லிஸ்ட் ஒட்டினப்பவே எனக்குத் தெரியும்டா. நீ சிரிச்சப்பவே தெரியும். வீட்ல அவ உன்னைப் பத்திச் சொன்னப்ப ‘ம்’னேன். பதினஞ்சாம் தேதி ஒருத்தர் போன் பண்ணி உன் பேரைச் சொல்லி நன்றி சொன்னாரு, அதையும் வாங்கிக்கிட்டேன்…”

தாலாட்டு ஒரு சொல்லும் பதில் சொல்லவில்லை. கைகள் தட்டச்சின் மேல் அசையாமல் இருந்தன. கேட்கிறாரா, இல்லையா என்பதுகூட முகத்தில் தெரியவில்லை. ஆனால் எழுந்து போகவில்லை. கடைசி இரண்டு மைலில் எதிர்ப்புறத்திலிருந்து பதில் வராது என்பது இருவருக்கும் பழக்கம்தான். ஸ்கேல் நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தார்.